மறுபாதியைச் சொன்னவர்

என் கணவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று எங்கள் ஒழுங்கையில் அத்தனை வீடும் சோடா குடித்த மாலையை, நடந்த ஒழுங்கிலேயே எழுதிவைக்க விரும்புகிறேன். ஏனென்றால் அன்று அவருக்குப் பேச்சு திரும்பவில்லை.

புதுக்குடியிருப்பு வீதியில் இருட்டிக்கொண்டு வந்த மம்மல் பொழுதில் குறுக்கே வந்த மாட்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் மோதியது. ஹெல்மெட் இருந்தது, முழங்கையில் கொழுவியபடி. பொலிஸ் நிற்கும் சந்தி வந்தால்தான் எங்கள் பக்கம் அது தலைக்கு ஏறும். அடி விழுந்தது பின்மண்டையின் வலப்பக்கம். ஆனால் ஆஸ்பத்திரியில் ஸ்கான் படத்தைப் பார்த்த டொக்டர், மூளை கன்றியிருப்பது முன்னால் இடப்பக்கம் என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் படகை வைத்து விளக்கினார்.

"போட்டுக்குள்ள நிக்கிற தண்ணி, போட் முட்டினா மற்றப் பக்கத்துக்கும் ஓடி அடிக்குமெல்லே? மூளையும் அப்பிடித்தான்."

ஆஸ்பத்திரியில் இவர் கிடந்த அதே விடுதியில் பனையால் விழுந்த ஒருவர், காலையில் வந்த மகனை மாலையில் மறந்தார். கிரிக்கெட் பந்து பட்டு மயங்கிய இளைஞனோ, கொஞ்சம் தலையிடியோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இவருக்குப் போனது சொல். நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும். வாயைத் திறந்தால், "அது... அது..." மட்டும்.

அவர் தொழிலுக்குப் போகும் படகின் சொந்தக்காரர், எங்கள் சம்மாட்டி, வீட்டுக்கு வந்து பார்த்தார். "கோவிக்காத தம்பி. கடலில ஒரு சொல்லுப் பிந்தினா ஆள் போயிடும். சத்தம் போட ஏலுமெண்டால் வா, உன்ர இடம் அப்பிடியே கிடக்கும்." இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகுதான் அந்த மாலை. நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். செபத்தின் முதற்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். நான் முதற்பாதியை முடித்தேன். மறுபாதியில் மகளின் குரலோடும் இவருடைய தங்கையான மச்சாளின் குரலோடும் இன்னொரு குரல் சேர்ந்தது. கணீரென்று, ஒரு சொல்லும் தட்டாமல்! என் கையிலிருந்து மாலை விழுந்தது. மச்சாள் செபத்தை விட்டுவிட்டு ஒழுங்கைக்கு ஓடினா.

"அண்ணைக்குக் கதை வந்திட்டுது! ஓடி வாங்கோ, மாதா கண் திறந்திட்டா!"

அயல் முழுவதும் வந்தது. யாரோ சோடாப் பெட்டியே கொண்டுவந்தார்கள். சம்மாட்டியும் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி தம்பி, எப்ப கடலுக்கு வாறாய்?"

எல்லோரும் இவருடைய வாயைப் பார்த்தோம்.

"அது... அது..."

சோடாவைக் குடித்து முடிக்காமலே சனம் கலைந்தது.

அடுத்த கிளினிக்கில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளையிடம் இதை அழுதழுது சொன்னேன். அவவோ கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "அம்மா, இது நல்ல சேதியெல்லே! பாடமான செபம் வாற பாதை வேற, புதுசாச் சொல்லுறது வாற பாதை வேற. ஒரு பாதை திறந்திருக்கு. அதைப் பிடிச்சுக்கொண்டு மற்றதுக்குப் போவம். நீங்கள் பாதியைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முழு வசனம் பேசுவாரில்லை.

"இஞ்சருங்கோ, சுடச்சுட ஒரு..."

"தே... தேத்தண்ணி."

சந்தோசத்தில் எனக்குக் குசினிக்குள் கால் தரிக்கவில்லை. புட்டோடு என்ன, வலையில் என்ன, வானத்தில் என்ன என்று ஒழுங்காக, காலையில் வீட்டுச் சாமான், மாலையில் கடற்சாமான் என்று பிரித்துக் கேட்டேன். மகளுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது.

"அப்பா, அம்மாவுக்கு எந்த நாளும்..."

"கோவம்!"

அவ்வளவு வேகமாக வேறெந்தச் சொல்லும் வந்ததில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அதுதான் முதற் சிரிப்பு. எனக்குக் கோபமே வரவில்லை.

ஆனாலும் முதற்பாதியை நாங்கள் கொடுத்தால்தான் சொல் வந்தது. கடலில் யார் கொடுப்பார்கள்?

ஒருநாள் இருவரும் கறிக்கு மீன் வாங்கக் கரைக்குப் போனோம். சம்மாட்டியின் போட்டைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணக் குனிந்தார். என் பக்கத்தில் இவருடைய உடம்பு விறைத்தது. கையை நீட்டினார். பார்த்தேன். அவிழ்ந்த கயிறு ஒன்று எஞ்சினின் காற்றாடியில் சுற்றிக் கிடந்தது. அதன் மறு நுனி, போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவரின் காலடியில்.

"நிப்பாட்டு! கயிறு! கயிறு!"

எஞ்சினில் வைத்த கை அப்படியே நின்றது. சம்மாட்டி திரும்பினார். "ஆரடா கத்தினது?" என்றவர், இவரைக் கண்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் ஓடிவந்தார்.

"உன்ர மனிசி பாதி சொல்லித் தந்தவவோ?" எங்கள் வீட்டுப் பாதி வசனம் கரைவரை தெரிந்திருந்தது.

"ஐயோ, இல்லை! நான் வாயே திறக்கேல்லை!" என்று நான்தான் கத்தினேன்.

சம்மாட்டி இவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். "கடல் பிறகு பாப்பம். இப்ப எனக்குக் கரையில நிண்டு கத்த ஒரு ஆள் வேணும். நாளைக்கு வாறியோ?"

"அது... அது..."

முதற்பாதி என் நாக்கின் நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாறன்," என்றார் அவர்.