பொட்டு வைத்த கட்டை

அக்காவின் கறுப்பு எலக்ட்ரிக் கிட்டாரில், கம்பிகளுக்குக் கீழே, விரல்நுனி அளவுக்கு ஒரு குழி. அதற்குள் மங்கிய சிவப்பு. மேடையில் பார்க்கிறவர்கள் ஏதோ டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒரே கலகத்தின் அடையாளம் அது.

படிப்பு முடிந்த வருஷம், ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டை மாடியில் அக்கா அந்தக் கிட்டாரைத் தன் கையாலேயே செய்தாள். பாலக்கரையில் பலாப்பலகை வாங்கிவந்து, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயர்களைப் பற்றவைத்து, தலையெல்லாம் மரத்தூளோடு சாப்பிட இறங்குவாள். அம்மாவின் வீணையில் அவளுக்கு மனம் ஒட்டவேயில்லை. அப்பா அந்தக் கிட்டாரை ஒருநாளும் கிட்டார் என்று சொன்னதில்லை. "அந்தக் கட்டைய தீபாவளிக்குள்ள வெளியேத்து. பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கே ஆத்திரமாக வந்தது. அக்கா மாடியேறி, பலகைக்குப் பளபளப்பு ஏற்றும் லாக்கர் வார்னிஷில் அடுத்த பூச்சு அடிக்கப் போனாள்.

சரஸ்வதி பூஜையன்று கிட்டாரைக் கொண்டுவந்து வீணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடிபோல மின்னியது. மழை ஈரத்தில் லாக்கர் உள்ளே காயாதது அவளுக்கே தெரியாது.

"எடு அத. வீணை பக்கத்துல வைக்கிற சாமானா இது?" என்றார் அப்பா.

"வீணையும் பலாக்கட்டைதானேப்பா?"

அதற்குள் அம்மா குங்குமத்தோடு வந்தாள். வீணைக்குப் பொட்டு வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் கிட்டாருக்கும் அழுத்தி வைத்தாள். விரல் லாக்கருக்குள் பதிந்துவிட்டது.

"ஐயோ, கெடுத்துட்டேனே! தேய்ச்சு எடுத்துடலாம்ல?"

அத்தனை நாள் உழைப்பு. அக்கா அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "எடுக்க மாட்டேன்மா. பூஜையில வெச்சு பொட்டு வெச்சாச்சு. இனிமே இத யாரு வெளியேத்துறாங்கன்னு பார்க்கிறேன்."

அப்பாவால் முடியவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் கிட்டாரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இந்த வருஷப் பூஜையில் வீணைக்குப் பொட்டு வைத்துவிட்டு, கிட்டாரைத் தடவித் தடவி, குழியைக் கண்டுபிடித்து, அதிலேயே குங்குமம் வைத்தாள். ஈஸிசேரிலிருந்து அப்பா, "என்ன, கட்டைக்கு வெச்சாச்சா?" என்றார்.

"ரெண்டு கட்டைக்கும் வெச்சாச்சு" என்றாள் அம்மா.