ஆர்லிஸ் போட்ட எட்டு ஹிட்டுகள்

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஆர்லிஸ் ட்ரெஸோனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபியைக் கலந்து குடிக்காமல் வைத்தாள். ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வாரநாட்களில் தானியக் கிடங்கு எடைமேடையில் சோள லாரிகளை எடைபோட்டுச் சீட்டு எழுதுகிறவள் அவள். ஞாயிறுதோறும் ப்ளம் க்ரீக் ஊர் பேஸ்பால் அணிக்கு ஸ்கோர் எழுதுவாள். பதினோரு வருஷமாக அவள் எழுதியதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

மாநிலப் போட்டிக்குப் பதினைந்து பேர்தான் போகலாம். பதினான்கு பெயர் முடிவாகிவிட்டது. கடைசி இடம் டெரில் கொபெக்கிக்கா, எம்மெட் ஸோர்லிக்கா என்று மேலாளர் கோர்டி மதியத்துக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸ் என்கிற நிலையைச் சேர்ந்தால் அது ஹிட்; ஆயிரம் தடவைக்கு எத்தனை ஹிட் என்பதுதான் பேட்டிங் சராசரி. டெரிலுக்கு அது முந்நூற்றுப் பதின்மூன்று, எம்மெட்டுக்கு இருநூற்று நாற்பத்திரண்டு. வியாழக்கிழமைப் பத்திரிகையில் ஊரே தேடிப் படிக்கிற எண் அதுதான். ஆனால் எம்மெட் கெட்ட பந்துகளைத் தொடமாட்டான். நான்காவது கெட்ட பந்து வந்ததும் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போவான். இந்த வருஷம் இருபத்தேழு தடவை நடந்திருக்கிறான், டெரில் மூன்றே தடவை. சராசரிக் கணக்கில் அந்த நடை சேராது.

நேற்றே கோர்டியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நடந்து போறதெல்லாம் ஒரு ஆட்டமா ஆர்லிஸ்? என் மாமியார்கூடத்தான் நடப்பாங்க."

"அவங்க பேஸுக்குப் போய்ச் சேருவாங்களா? நூறு தடவ இறங்கினா எம்மெட் நாப்பத்தோரு தடவ போய்ச் சேர்றான். டெரில் முப்பத்துமூணுதான்."

"முந்நூத்திப் பதிமூணுன்னு பேப்பர்ல போட்டிருக்கே. நீ எழுதிக் குடுத்ததுதானே அது?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. எதிரணி ஆள் பந்தைக் கோட்டை விட்டால் அது அவன் பிழை, அடித்தவனுக்கு ஹிட் கிடையாது. ஆனால் அடித்தவன் சொந்த ஊர்க்காரன் என்றால் 'பிடிக்க முடியாத பந்து' என்று ஸ்கோர் எழுதுகிறவர்கள் ஹிட் போட்டுவிடுவார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான். டெரில் பலமாக அடிப்பான், பந்து எதிராளி கையில் பட்டுத் தெறிக்கும், ஆர்லிஸின் பென்சில் இளகிவிடும். நடந்து போகிறவனுக்கு எந்தப் பென்சிலும் சலுகை காட்ட முடியாது.

இப்போது இந்த வருஷத்துப் பத்தொன்பது ஆட்டங்களையும் நின்றபடியே புரட்டினாள். எட்டு ஹிட்டுகளை வட்டமிட்டாள். அவற்றை எடுத்துவிட்டால் டெரிலின் சராசரி இருநூற்று இருபத்தொன்பது.

மைதானத்தில் கோர்டி சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல எட்டு நான் சும்மா குடுத்தது, கோர்டி."

அவர் புத்தகத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இத வெளிய சொன்னா உன்ன ஸ்கோர் எழுத விடுவாங்களா?"

"விடமாட்டாங்க."

"சொல்லாம இருந்துடலாமே? நான் பாட்டுக்கு எம்மெட் பேர எழுதிடறேன்."

"அப்புறம் டெரில் ஏன்னு கேப்பான். நீங்க என்ன சொல்லுவீங்க?"

கோர்டி பட்டியலில் ஸோர்லி என்று எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டெரில் வேலியோரம் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காது மடல்கள் சிவந்தன.

"எங்கம்மா அந்தப் பேப்பர ஃப்ரிட்ஜுல ஒட்டி வச்சிருக்காங்க, ஆர்லிஸ்."

"தெரியும்."

"எந்த எட்டு?"

அவள் புத்தகத்தை நீட்டினாள். அவன் ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் போனான். ஜூலை நான்காம் தேதி ஆட்டத்தில் விரல் நின்றது. அங்கே வட்டம் இல்லை.

"இது?"

"அது நெசமாவே நீ அடிச்சது."

அவன் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. முதல் பக்கத்திலிருந்து, வட்டமில்லாத ஹிட்டுகளை மட்டும் மறுபடி பார்க்க ஆரம்பித்தான்.