நோவைப் பொத்தி வைத்த தபசுகாலம்

தபசுகாலத்து (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்காலம்) வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் முழந்தாளில் இருந்து எழும்பினார்கள், என்னால் ஏலவில்லை. இடுப்புக்குள் ஒரு நோ. பக்கத்தில் ஆட்கள் இருக்கிற வாங்குப் பலகையைப் பிடித்துத்தான் எழும்பினேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோசப்பட்டேன். ஆண்டவர் பட்ட பாட்டில் எனக்கும் பங்கு கிடைத்ததென்று அதை ஒப்புக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எங்கள் சனத்துக்கு இது ஊறிப்போன பழக்கம். நொண்டுவதைக் கண்டு என் மனுசன் "நோகுதோ?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். இப்படியே அடுத்த தபசுகாலமும் வந்துவிட்டது.

பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பு மூட்டில் சயரோகம் (நெஞ்சில் வருகிற அதே நோய்தான்; எலும்பையும் அரிக்கும்).

"ஏனம்மா இவ்வளவு காலம் பொத்தி வைச்சனீங்கள்? திரும்ப நடப்பீங்களோ எண்டு இப்ப சொல்லேலாது."

இழுவை போட்டார்கள் (மூட்டு அசையாதபடி காலில் பாரம் கட்டித் தொங்கவிடுவது). சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். மருந்துக்கு மனுசன் சைக்கிளில் ஊரூராய் அலைந்தார், பாவம்.

பெரிய வெள்ளியன்று கஞ்சியோடு வந்தார். நோக் குளிசையை வெறுவயிற்றில் போடக்கூடாது. நான் குளிசையும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம், இன்றைக்கு ஒருசந்தி நோன்பு என்றேன்.

கலியாண வீடென்றால் மட்டும் கோயிலுக்குள் கால் வைக்கிற மனிதர் அவர். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சரும், அவரே சிலுவையிலை கிடந்து தண்ணி கேட்டவரெல்லே? நீர் அவரிலும் பெரிய ஆளோ?"

முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இத்தனை வருசம் முழந்தாளிட்டும் அந்தத் தாகம் என் கண்ணில் படவில்லையே. அவர் நோவுக்கு ஆசைப்பட்டுச் சிலுவைக்குப் போகவில்லை. எங்களை விட்டுவிட மனமில்லாமல் போனார். அறைந்தது மனிதர்கள். நொந்தபோது அவர் வாய்விட்டுக் கேட்டார்.

"நோகுதோ?" என்றார் மனுசன்.

"ஓம். சரியா நோகுது."

கரண்டியால் பருக்கிவிட்டார்.

இப்போது நடக்கிறேன். ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. கோயிலுக்கு மற்றவர்களுக்கு முந்தியே வெளிக்கிட வேண்டும். வழியில் எந்த மதிலோரம் நிழல் என்று எனக்கு அத்துப்படி. இதை வாசிக்கிற உங்களுக்கு நோ இருந்தால் பொத்தி வைக்காதீர்கள், கேட்கிறவர்களிடம் சொல்லுங்கள்.

பெரிய வெள்ளியில் சிலுவையை முத்தி செய்ய (முத்தமிட) கடைசி ஆளாகப் போவேன். முந்தியெல்லாம் அந்தக் காயங்களை முத்தி, "எனக்கும் தாரும்" என்று மன்றாடுவேன். இப்போது ஆணியடித்த அந்தக் காலைத் தடவி, "நோகுதோ, ராசா?" என்று கேட்கிறேன்.