நோயாளியாகப் படுத்த மாமியார்

என் மாமியாரின் பாதங்களை ஒரே மாதத்தில் முப்பது தடவையாவது கழுவித் துடைத்திருப்பேன். இதைக் கேட்டு யாரும் என்னை உத்தம மருமகள் ஆக்கிவிட வேண்டாம். எல்லாம் தேர்வுக்காகத்தான். எண்பதுகளில் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவித் தாதிப் பயிற்சியில் இருந்தேன். எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டேன். செய்முறையில்தான் முதல் தடவை தோற்றேன். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டிக் காட்ட வேண்டும். நான் மளமளவென்று முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். நோயாளியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, போர்வையை மொத்தமாக விலக்கிவிட்டேன் என்று எழுதிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதிலும் தோற்றால் உரிமம் கிடையாது. கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த ரேடியோ தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். மாமியார் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்குபவர். நாலரை மணிக்குத் தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்டதும், தேநீரைக் குடித்துவிட்டு, "வாம்மா, நான் நோயாளி ஆயிட்டேன்" என்று கட்டிலில் சாய்ந்துவிடுவார். நடிப்பில் கஞ்சத்தனமே கிடையாது. முனகுவார். "தண்ணி சூடுலா" என்பார். துண்டு கொஞ்சம் விலகினால் போதும், "மிஸ்ஸி, எனக்கு மானம் இல்லையா?" என்று, ஆஸ்பத்திரியில் தாதியைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டு அதட்டுவார். தொடுவதற்கு முன் சொல்வது, துடைக்கும் இடத்தை மட்டும் திறப்பது எல்லாம் எனக்குப் பழகிப்போயிற்று. ஒரு குறைதான். ஒவ்வொரு பாதத்தையும் துடைத்து முடிக்கும்போது எழுந்து உட்கார்ந்து என் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிடுவார்.

"அத்தை, நோயாளி ஆசீர்வாதம் பண்ண மாட்டாங்க."

"காலத் தொட்ட பிள்ளைய சும்மா விடறதா? நீ உன் வேலையப் பாரு."

தேர்வன்று எனக்கு ஒரு சீன மூதாட்டியைக் கொடுத்தார்கள். கால்மாட்டில் தேர்வாளரான சிஸ்டர் தாளும் கையுமாக நின்றார். மலாயில் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தேன். முகம், கை, மார்பு, வயிறு என்று வேலை வெண்ணெயாய் ஓடியது. வலது பாதத்தைத் துடைத்து முடித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். குனிந்த தலையோடு ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே உறைக்கச் சில விநாடிகள் ஆயின. ஏன் நிறுத்தினாய் என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பாதம் இன்னும் என் கையில்தான் இருந்தது. குதிகாலில் ஒரு காசு அளவுக்குச் சிவந்திருந்தது கண்ணில் பட்டது. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிவப்பு மாறவில்லை. படுக்கைப்புண் தொடங்குகிறது என்று சொன்னேன். சிஸ்டர் எட்டிப் பார்த்து, தலையசைத்து, எழுதிக்கொண்டார். அடுத்த காலுக்குப் போனேன். மதியமே பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். நன்றாகக் கவனித்தாய் என்று பாராட்டு வேறு. நான் காத்திருந்த கதையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா!

மாமியாரிடம் மட்டும் மறைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "அந்த அம்மா காலுக்கு அப்புறம் என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். சிஸ்டர் எழுதிக்கொண்டது என் மதிப்பெண் தாளில். நோயாளியின் குறிப்பேட்டில் யாரும் எழுதவில்லை. வார்டு தாதியிடம் நானும் சொல்லவில்லை. பாஸாகிவிட்டோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"சோதன முடிஞ்சா நோவும் முடிஞ்சிடுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "வா, நானும் வரேன்" என்றார்.

அன்றைக்குக் கிள்ளான் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். குதிகாலைப் பற்றி நான் சொன்னதும் வார்டு தாதி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தலையணை எடுத்து வந்தாள். நானே வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மூதாட்டியிடம் சொல்லிவிட்டு, கெண்டைக்காலுக்குக் கீழே அதை வைத்து, குதிகால் மெத்தையில் படவில்லை என்று விரல் விட்டுப் பார்த்தேன். பாஸான சந்தோஷம் எனக்கு அப்போதுதான் வந்தது.