மதில் பாசி

பூங்காவனம் டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். காஜா பெராங் ஊரில் அதை அறியாதவர் இல்லை. அந்த வாயே ஒருமுறை அவள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

1957. மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் நெருங்க நெருங்க ஊரே தேய்ப்பதும் கழுவுவதும் சுண்ணாம்பு அடிப்பதுமாக இருந்தது. கம்போங் செட்டிக் குடியிருப்பின் கோவில் மதிலைக் காட்டி, "சுதந்திரம் வர்ற நேரத்துல இப்படியா பாசி புடிச்சுக் கெடக்கும்?" என்று அவள்தான் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அடுத்த வாரமே தகவல் வந்தது. பயிற்சி ஆசிரியையான அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க அதிகாரி கலியாணசுந்தரம் வருகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பாடம், செடிகள் தரையில் வாழப் பழகிய விதம். பெரணி கிடைத்தது, மொச்சைச் செடி கிடைத்தது. பாசிக்கு மதில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

அன்று காலை போய்ப் பார்த்தால் மதில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. "சுடா பெர்சே, சிக்கு," என்று மலாயில் சொன்னாள் கோவில் வீட்டுக் காமாட்சி, எல்லாம் சுத்தமாகிவிட்டது டீச்சர் என்ற பெருமையோடு. பூங்காவனம் மதிலடியில் தேடினாள். சுரண்டிப் போட்ட பாசி ஒரு சாக்கில் பல நாள் வெயிலில் காய்ந்து, தேயிலைத் தூள்போலக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதையே அள்ளிக்கொண்டு ஓடினாள்.

வகுப்பில் பெரணியைத் தூக்கிக் காட்டினாள். வேர் நீரை உறிஞ்சுகிறது, உள்ளே இருக்கும் குழாய்கள் மேலே ஏற்றுகின்றன, அதனால் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் குட்டிப் பெரணி உண்டாக ஈரம் வேண்டும். மொச்சைக்கு அந்தக் கவலையும் இல்லை. விதைக்குள் கட்டுச்சோறு, மேலே கெட்டித் தோல். காய்ந்த மண்ணிலும் மழைக்குக் காத்திருக்கும்.

"பாசிக்கு வேரும் கெடையாது, குழாயும் கெடையாது. ஒடம்பாலயே தண்ணி குடிக்கும். வெயில்ல என்ன செய்யும்?"

"செத்துப்போவும் டீச்சர்," என்றாள் விஜயா. "இது செத்துதான போச்சு."

சாகாது என்று பூங்காவனம் புத்தகத்தில் படித்திருந்தாள். கண்ணால் பார்த்ததில்லை. மங்குக் கிண்ணத்தில் கிடந்த தூளின் மேல் தண்ணீர் தெளித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பின்பெஞ்சில் அதிகாரியின் பேனா ஓடியது.

பிறகு ஒரு துணுக்கு அசைந்தது. சுருண்ட இலை பிரிந்தது, பக்கத்தில் இன்னொன்று. பழுப்பின் நடுவே பச்சை எட்டிப் பார்த்தது. "டீச்சர், முழிக்குது டீச்சர்," என்று விஜயா பெஞ்சில் ஏற, வகுப்பே மேசையைச் சூழ்ந்தது. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வந்த கலியாணசுந்தரம், பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"எனக்கும் கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர். இந்த ஓரம் இன்னும் காஞ்சிருக்கு."

வேலை நிரந்தரமானது. ஆண்டுக் கடைசி மழையில் மதிலின் அடியில் மறுபடி பச்சை படர்ந்தது. காமாட்சி தேங்காய் மட்டையும் கையுமாக நின்று, தேய்க்கவா என்பதுபோல் டீச்சரைப் பார்த்தாள்.

பூங்காவனம் வாயைத் திறக்கவே இல்லை. மட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.