வலிக்காது அண்ணாச்சி

எழுபதுகளில், திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டி நடந்த லேப் டெக்னீசியன் வகுப்பில் சேர்ந்தேன். வருடக் கடைசியில் பரீட்சை அதிகாரி முன்னால் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் வேலை. இல்லாவிட்டால் பேசாமல் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டு என்று, சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த அப்பா சொல்லிவிட்டார்.

வகுப்பில் தமிழ் வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். அதுவே வினையாயிற்று. நாங்கள் ஊசி பழகியது இலவச வார்டில். அங்கே பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள். ஊசிகளோ, கொதிக்க வைத்துச் சாணைக்கல்லில் தேய்த்துத் திரும்பத் திரும்பப் போட்டு மழுங்கியவை. முதல் குத்திலேயே கையை உதறுவார்கள். உடனே சிஸ்டர், தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்.

"மோளே, தமிழில் ஒந்நு பறஞ்ஞு கொடுக்கு."

நான் தலைமாட்டில் உட்கார்ந்து, "வலிக்காது அண்ணாச்சி, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பேன். என் முகத்தை நம்பி அவர்கள் கையை நீட்ட, மற்றப் பெண்கள் நாலைந்து தடவை குத்திப் பழகுவார்கள். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். வாய்க்குத்தான் பயிற்சி, கைக்கு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்தும் நான் சண்டை போடவில்லை. என்னால்தான் வார்டே நடக்கிறது என்று ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பரீட்சையன்று எனக்கு வாய்த்தவர் ஒரு கொத்தனார். பத்து நாள் முன்னால் நான் தலைமாட்டில் இருந்தபோது குத்துப்பட்டவர். முழங்கை மடிப்பில் நீலம் இன்னும் வடியவில்லை. என்னைக் கண்டதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீ வேண்டாம் தாயி. குத்துன புள்ள மேல எனக்குக் கோவமில்ல. அது தெரியாமக் குத்திச்சு. நீ தெரிஞ்சேல்லா பொய் சொன்ன?"

"இயாள் எந்தா பறயுந்நது?" என்று, தமிழ் தெரியாத அதிகாரி என்னிடமே அர்த்தம் கேட்டார்.

பயப்படுகிறார் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வருடத்திலேயே முதல் முறையாக, அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் மலையாளத்தில் சொன்னேன்.

நோயாளியிடம் பேசிச் சம்மதிக்க வைக்கத் தெரியவில்லை என்று அதிகாரி என் தாளில் எழுதினார். கொத்தனார் அடுத்த பெண்ணிடம் கையை நீட்டினார். அன்று அவரைக் குத்தியவள் அவள்தான். இப்போது ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

சித்திரையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.