சப்பை மூக்குக் கினிகள்

மாவும் சீனியும் விற்பவர்கள் பாக்கியசாலிகள். விற்ற சாமான் திரும்பி வந்து முன்னால் மூச்சிரைக்காது. புத்தளத்தில் நான் வைத்திருப்பது செல்லப்பிராணிக் கடை. அப்போது முயல், லவ் பேர்ட்ஸ், அத்தோடு வாலில்லாத சிறு பிராணியான கினிப்பிக். பெயரின் பின்பாதியில் பன்றி இருப்பதால் முஸ்லிம்கள் நிறைந்த எங்கள் ஊரில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை, வெறும் 'கினி'தான். உயிருள்ளதை விற்று வயிறு வளர்க்கும் கூட்டாளிகளே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்.

மூக்கு எதற்கு?

முதலில் என்னிடம் இருந்தவை சாதாரண மூக்குள்ள கினிகள். ஒருமுறை ஓர் ஈற்றில் முகம் தட்டையாக ஒன்று பிறந்தது. அதைத்தான் எல்லோரும் தூக்கிக் கொஞ்சினார்கள். நான் விடுவேனா? ஒவ்வொரு ஈற்றிலும் மிகச் சப்பையானதைப் பொறுக்கி, சப்பையோடு சப்பையைச் சேர்த்தேன். மிஞ்சியிருந்த மூக்குள்ள ஒன்றைக் காட்டியபோது ஒரு பெண் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார் (எங்கள் பக்கத்தில் அண்ணனை 'நானா' என்போம்): "நானா, இது எலி மாதிரி இரிக்கி. மூக்கில்லாதது ஒண்டு தாங்க."

குறட்டை

ஆலங்குடாவில் விடுதி நடத்தும் ஒருவர் இரண்டு வாங்கிப் போனார். ஒரு கிழமை கழித்துப் போன் எடுத்தார். அதில் ஒன்று பகலிலும் குறட்டை விடுகிறதாம், வெள்ளைக்காரர்கள் சிரித்துச் சிரித்து வீடியோ எடுக்கிறார்களாம். அது மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த கிழமை மறுபடி அழைத்தார்: "நானா, குறட்டை விட்டது செத்துப் போச்சு. அதே மாதிரிச் சத்தம் போடுற இன்னொண்டு இரிக்கா?"

தும்புத்தூள்

கடையிலிருந்த கினிகளும் அதே சத்தம் போட, கூட்டில் விரித்த தும்புத்தூள், அதாவது தேங்காய் நார்த்தூள்தான் காரணம் என்று நினைத்தேன். தென்னை மண்ணில் அதைவிட மலிவாக என்ன கிடைக்கும்? அவ்வளவையும் அள்ளிக் கொட்டிவிட்டு வைக்கோல் போட்டேன். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். மூக்குத் துவாரம் ஊசி நுழையும் அளவுதான் இருந்தது. மருந்து கேட்டேன். அவர் சொன்னார்: "மருந்து தரலாம். மூக்கை நான் எங்கயிருந்து எடுத்துத் தாறது? நீங்கதானே பார்த்துப் பார்த்து இல்லாமலாக்கினீங்க."

பம்ப்

வைத்தியரிடம் போவதற்கு முன்பே தில்லையடியில் ஒரு பிள்ளைக்கு ஒன்று விற்றிருந்தேன். எட்டு வயதிருக்கும். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம்; வெட்கத்தில் போகவில்லை. ஒரு நாள் உம்மாவோடு கடைக்கு ஓடி வந்தாள். துவாயில் சுற்றிய கினி வாயைத் திறந்து திறந்து இழுத்துக்கொண்டிருந்தது. மற்றக் கையில் அவளுடைய ஆஸ்துமா பம்ப். நான் கினியைக் கையில் வாங்கிய சற்று நேரத்தில் அது என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அழவில்லை, கணக்குப் பிழைத்தவள் போல் கேட்டாள்: "மாமா, எனக்கு இழுத்தா ரெண்டு தரம் அடிச்சாச் சரியாகும். இதுக்கு நாலு தரம் அடிச்சேனே?"

இப்போது என் கடையில் மீன் மட்டும்தான். அவற்றுக்கு மூச்சு முட்டினாலும் எனக்குக் கேட்காது.